பள்ளிச் சீருடையின் பூர்வோத்தரம்

பள்ளிக்கூடங்களில் சீருடையைக் கட்டாயமாக்கலாமா கூடாதா என்ற விவாதம் எழும்போதெல்லாம், ஆதரிப்பவர்கள் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் பற்றிப் பேசுவதும், எதிர்ப்பவர்கள் குழந்தைகளின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதும் வழக்கமாகிவிட்டன. இரு கட்சியாரும் ஒரு விஷயத்தை மட்டும் கேள்வியின்றி ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். பிள்ளையின் பெட்டியில் வேறு பல உடைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும், அவற்றை உடுத்தவிடாமல் பள்ளிக்கூடம் தடுக்கிறது என்பதுமே அது. தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு இந்த அனுமானம் விநோதமாகவே தோன்றும். ஏனென்றால், இங்கே சீருடை ஒரு விதியாவதற்கு முன்பே துணியாக வந்து சேர்ந்துவிட்டது.

சீருடை என்றால் இங்கிலாந்தின் பெரிய இடத்துப் பள்ளிகளையே நினைக்கிற நம்மவர் பலர், அங்கும் அதன் ஆதி இப்படித்தான் இருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. 1552-ஆம் ஆண்டில், ஆறாம் எட்வர்டு மன்னரின் காலத்தில், லண்டன் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்காக ஸ்தாபிக்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் பள்ளிக்கூடத்தில், நீண்டு தொங்கும் நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் பிள்ளைகளின் உடையாக நிலைபெற்றன. அந்த நீலத்தைக் கண்டால், தர்மத்தில் படிக்கிற பிள்ளை இவன் என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகள் ஒரே மாதிரி உடையைக் கைக்கொண்டது வெகு காலத்துக்குப் பிறகே.

நம் பிரதேசத்தின் தென்கோடியிலோ, பள்ளிக்கும் உடைக்கும் உள்ள சம்பந்தம் இதைவிடக் கசப்பானது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே யார் எதை எப்படி உடுத்தலாம் என்பதற்கு, எந்தப் பள்ளிக்கூடத்தின் விதிப்புத்தகத்தையும் தோற்கடிக்கும்படியான விதிகள் இருந்தன. அவற்றை வகுத்தது ஜாதியாசாரம். நாடார் முதலிய சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவது, தங்களை மேலானவர்களாகக் கருதியவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று கொள்ளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரிமார்களின் மனைவியர் நாகர்கோவில் வட்டாரத்தில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு தையலையும் லேஸ் பின்னுவதையும் கற்பித்தார்கள். குப்பாயம் என்ற தளர்ந்த ரவிக்கையும் மிஷனைச் சார்ந்த குடும்பங்களிடையே பரவலாயிற்று. ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய பெண்கள் அதை அணியலாம் என்று அனுமதித்தார். ஆயினும் உத்தரவு காகிதத்தில் இருக்க, சந்தையிலும் வழியிலும் அப்பெண்களின் உடை கிழிக்கப்பட்டதும் நடந்தது. 1829-இல் வெளியான அரசப் பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்து, மேல்ஜாதியாரைப் போலத் தோள்சீலை அணிவதை மறுத்தது. மறுபடியும் 1858-இலும் 1859-இலும் கலகம் மூண்டபோது ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் வற்புறுத்தியதன் பேரில், 1859 ஜூலை மாதத்தில் நாடார் பெண்கள் மேனியை மறைத்துக்கொள்ளலாம் என்ற பிரகடனம் பிறந்தது; அதிலும், மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் மட்டும் உடுத்தலாகாது என்று ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

எல்லோரும் ஒரே விதமாக உடுத்தலாம் என்பதே இங்கே ஒரு காலத்தில் கலகத்துக்குக் காரணமாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், அதற்கு நூறு வருஷங்களுக்குப் பின் நடந்ததன் கனம் விளங்கும். அந்தத் தென்பகுதி 1956 நவம்பரில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது முதன்மந்திரியாக இருந்தவர், விருதுநகரில் நாடார் சமூகத்தில் பிறந்த காமராஜர். பள்ளி நேரத்தைக் குறைத்துக் குலத்தொழிலுக்கு இடம்விட்ட 1953-ஆம் வருஷத்து ராஜாஜி திட்டத்தை, அவர் பதவிக்கு வந்த வருஷமே கைவிட்டிருந்தார். கல்வி இலாகாவின் டைரக்டராக அவர் காலத்தில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, சர்க்கார் கஜானாவை மட்டும் நம்பாமல் ஊராரின் மனத்தையும் மடியையும் திறக்க வைத்த காரியக்காரர். மதிய உணவுத் திட்டம் 1956-இல் ஊர்மக்களின் நன்கொடையோடு தொடங்கி வளர்ந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஊர் ஊராகக் கூட்டம் கூடி, பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் வேண்டும் என்று கேட்டபோது, உள்ளவர்கள் தங்களால் இயன்றதைத் தந்தார்கள். அப்படித் தந்த பொருள்களுள் ஒன்றுதான் பிள்ளைகளுக்கான சீருடை.

சோற்றுக்கு அடுத்தபடியாகத் துணி வந்த கிரமத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பசித்த பிள்ளையைச் சோறு பள்ளிக்கு அழைத்து வரும். ஆனால் இடுப்பில் ஒரு கந்தலோடு சட்டையில்லாமல் வரும் பிள்ளைக்கு, சலவைச் சட்டையோடு வருகிறவன் பக்கத்தில் உட்காருவதில் உள்ள கூச்சத்தைச் சோற்றால் போக்க முடியாது. இதை அறிவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வறுமையை அறிந்த எந்தத் தாயும் சொல்வாள்.

ஊராரின் தயவில் நடந்த காரியம் சர்க்காரின் நிரந்தரத் திட்டமாவதற்கு இன்னும் இருபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. எம். ஜி. ராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, 1982 ஜூலை முதல் தேதி திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதன் நிழலிலேயே 1985 முதல் இலவசச் சீருடையும் வந்தது. சத்துணவுப் பட்டியலில் பெயருள்ள, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கே துணி என்பது ஏற்பாடு; சாப்பாட்டுத் தட்டும் சட்டையும் ஒரே பெயர்ப்பட்டியலில் கட்டுண்டு கிடந்தன. 2012-13-ஆம் கல்வியாண்டிலிருந்து ஆண்டுக்கு நான்கு ஜோடி என்றாயிற்று. இந்தத் துணியைத் தறிகளில் நெய்பவர்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தார். கொள்முதல் செய்து அனுப்புவது கோ-ஆப்டெக்ஸ். தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து வெகு நாளான பிறகே சட்டை வந்து சேர்வதும், வந்த சட்டை ஒருவனுக்குக் குப்பாயம் போல் தொளதொளத்து, இன்னொருவனுக்குப் பித்தான் போட முடியாமல் இறுகுவதும் ஆண்டுதோறும் கேட்கிற குறைகள். ஆயினும் இத்தனை லட்சம் பிள்ளைகளின் உடையால் விசைத்தறிக்காரர்களுக்கும் தையல்காரப் பெண்களுக்கும் ஒரு பருவத்துக்கு வேலை நிச்சயமாயிற்று என்பதைக் குறை சொல்லுகிறவர்களும் மறுப்பதில்லை.

பல காலம் அதன் வர்ணம், பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் காக்கி டவுசரும், பெண்களுக்கு நீலப் பாவாடையும் வெள்ளை ரவிக்கையும், வளர்ந்துவிட்டால் அதற்கு மேலே ஒரு தாவணியும். டவுசரின் பின்புறம் கிழிந்தவனைத் ‘தபால் பெட்டி’ என்று கேலி செய்யாத வகுப்பு எந்த ஊரிலும் இருந்ததில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதே வெள்ளையைத் துவைத்து நீலம் போட்டு அணிந்து வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களிடமிருந்த நல்ல உடை அது ஒன்றே.

சீருடை எதை மறைத்தது என்பது, அது இல்லாத நாளில்தான் நன்றாகத் தெரிந்தது. பல பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாளும், பிறந்த நாள் கொண்டாடும் பிள்ளைக்கு அன்றைய தினமும், ‘கலர் டிரஸ்’ போடலாம் என்று அனுமதி உண்டு. வகுப்பறை முழுதும் பூந்தோட்டமாகப் பிரகாசிக்கும் அந்த நாளில், மிட்டாய் டப்பாவோடு பட்டுப் பாவாடையில் வருகிற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான வெள்ளையிலும் நீலத்திலும் நாலைந்து பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையின் சுதந்திரம் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்பவன் அல்லன். ஆனால் அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்கக் குறைந்தபட்சம் இரண்டாவது சட்டை ஒன்று வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதே சமயம், வகுப்புக்குள் பேதத்தை மறைத்த உடை வீதியில் புதிய பேதத்தை அறிவித்ததும் உண்மை. எழுபதுகளுக்குப் பின் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகி, டையும் பூட்ஸும் பள்ளி முத்திரை பதித்த பெல்ட்டும் பஸ் நிறுத்தங்களில் நிற்கத் தொடங்கியபோது, காக்கியும் வெள்ளையும் சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்பதன் விலாசமாயின. லண்டனின் நீல அங்கிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. துணி தராமல் விதியை மட்டும் தருவதும், அந்தத் துணியைத் தன் கல்லாவிலேயே வாங்கச் சொல்வதும் சில தனியார் பள்ளிகளின் சம்பிரதாயம். கட்டாயம் என்ற சொல்லை இவர்கள் விஷயத்தில் நான் ஆட்சேபிப்பேன். சீருடை வெறும் தடையாக மாறினால் எங்கே போய் முடியும் என்பதற்கு, ஹிஜாப் விவகாரத்தில் கர்நாடகக் கல்லூரி வாசல்களில் மாணவிகள் நிறுத்தப்பட்டதும், 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு எழுதியதும் சாட்சி.

தென் மாவட்டங்களிலோ வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒரே வர்ணச் சட்டை அணிந்த பையன்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று ஜாதிக்கொரு கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருவதை 2019-இல் கல்வித் துறையே ஒரு சுற்றறிக்கையில் குறிப்பிட்டுத் தடுக்கச் சொல்லவேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். தாக்கியவர்களில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் இருந்தார்கள். அதன் பின் அரசு நியமித்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கயிற்றையும் மோதிரத்தையும் நெற்றிக்குறியையும் பள்ளிகளில் விலக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. மணிக்கட்டு, விரல், நெற்றி ஆகிய மூன்றும் சீருடை எட்டாத இடங்கள். நெற்றிக்குறி மத விஷயம் ஆயிற்றே என்று உடனே ஆட்சேபம் கிளம்பியது. தோள்சீலைக் காலத்தில் கேட்ட வாதங்களின் சாயல் அதில் இருந்ததா இல்லையா என்பதில் என் நண்பர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு.