சிரட்டையில் யார் குடித்தார்கள்?

சமையலறைக் கழிவில் கைவினைப் பொருள் என்பது இன்றைய தலைப்பு. நான் ஒரே ஒரு பொருளைத்தான் கொண்டு வந்திருக்கிறேன். தேங்காய்ச் சிரட்டை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கொட்டாங்கச்சி என்பார்கள்.

துருவி முடித்ததும் நாம் குப்பையில் போடும் இந்த ஓடு, நம் முன்னோர் வீட்டில் அகப்பையாக இருந்தது. கண் இல்லாத பாதியை எடுத்து, உடைந்த கண்ணாடித் துண்டால் நாரைச் சுரண்டுவார்கள். விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளையிட்டு மூங்கில் காம்பைச் செருகினால் வேலை முடிந்தது. ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். புழங்கப் புழங்கக் கறுத்து மினுமினுக்கும். (இப்போது சந்தையிலேயே இயந்திரத்தில் துருவிக் கொடுத்துவிடுவதால் சிரட்டை வீட்டுக்கே வருவதில்லை என்பது வேறு கதை.)

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிறகு மலாயா முழுவதும் தோட்டங்கள் எழுந்தபோது, பீங்கான் மங்குகளோடு சிரட்டையும் மரத்தடியில் பால் பிடித்தது. முதல் உலகப் போரில் இதற்கு இன்னும் பெரிய வேலை. 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நச்சு வாயுவை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளச் சிரட்டைக் கரி மிகவும் ஏற்றது என்று கண்டு, அதை முகமூடிகளில் அடைத்தார்கள். சிரட்டை போதாமல் 1918-இல் அமெரிக்க வீடுகளில் பீச் பழக் கொட்டைகளைக் கூடச் சேகரித்தார்கள்.

இவ்வளவு பெருமையையும் சொல்லி, கைவினைச் சந்தையில் வாங்கிய ஒரு சிரட்டைக் கிண்ணத்தில் என் பாட்டிக்குப் பாயாசம் ஊற்றிக் கொடுத்தேன். அவர் தொடவில்லை. சிறுமியாகக் கப்பல் ஏறி வந்தவர்.

"ஊர்ல டீக்கடையில எங்கப்பாவுக்கு இதுலதாம்மா ஊத்துவாங்க. மத்தவங்களுக்குக் கிளாசு," என்றார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தாழ்த்தப்பட்டோருக்குச் சிரட்டையில் தேநீர் கொடுத்த வழக்கம் அது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பிறகும் பல ஊர்க் கடைகளில் சிரட்டையும் தனிக் குவளையும் தொடர்ந்தன. அதே ஓடு அகப்பையானால் எல்லார் சோற்றிலும் புழங்கலாம். குடிக்கும் பாத்திரமானபோது ஒருவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. கைவினைப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நானும் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன்.

மறுநாள் பாட்டியே கிண்ணத்தை எடுத்து, "ரெண்டு ஓட்டை போடு," என்றார். மூங்கில் குச்சியை அவரே சீவினார். இப்போது எங்கள் வீட்டில் அதில்தான் ரசம் ஊற்றுகிறோம்.