காப்பெட்டுக்குக் கீழே ஒரு துறைமுகம்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கம் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வரிசை வீடுகளில் நிறைய, விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பின்போ கட்டப்பட்டவை. உங்கள் வீடும் அப்படியென்றால், அம்மாவிடம் கேட்டுவிட்டுக் காப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பைன் பலகை தெரியும். சுவரோரம் கறுப்பாகவும் நடுவில் வெளிறியும் இருக்கலாம். அந்தக் காலத்தில் அறை முழுவதும் காப்பெட் போடும் வழக்கம் குறைவு. நடுவில் ஒரு விரிப்பு, அதைச் சுற்றித் தெரியும் ஓரத்துக்கு மட்டும் கடும் நிறப் பூச்சு. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஏன் காசு என்று நினைத்திருக்கிறார்கள், நம்மட ஆக்களைப் போலவே.

இந்தப் பைன் இங்கிலாந்தில் வளர்ந்தது அல்ல. சுவீடன், நோர்வே, பின்லாந்து, ரஷ்யா பக்கமிருந்து கப்பலில் வந்தது. நெப்போலியனுடன் போர் நடந்த காலத்தில் அந்த வழி அடைபட்டது. பிரித்தானியா பால்டிக் மரத்துக்கு வரியைக் கூட்டி, தன் கையில் இருந்த கனடாவின் பக்கம் திரும்பியது. 1842இல் வரி குறைந்தது. 1866இல் மர வரியே இல்லாமல் போனது. பிறகு பலகை வெள்ளம்போல் வந்தது. மலிவான பலகை இல்லாமல் இத்தனை வரிசை வீடுகள் எழும்பியிருக்காது.

மலிவு என்றால் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். சுவீடனில் சுண்ட்ஸ்வால் என்ற ஊரைச் சுற்றி நீராவி மர ஆலைகள் நிறைந்திருந்தன. 1879இல் மர வியாபாரம் மந்தமாக, முதலாளிகள் கூலியை வெட்டினார்கள். ஏறத்தாழ 5,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். ஆளுநர் படையை வரவழைத்தார், துறைமுகத்துக்குப் போர்ப் படகுகளும் வந்தன. வேலை நிறுத்தம் முறியடிக்கப்பட்டது. சுவீடனின் தொழிலாளர் வரலாறு பேசுபவர்கள் இந்த ஆண்டை விடவே மாட்டார்கள்.

அந்த மரம் வந்து இறங்கிய இடத்தை நீங்கள் நிச்சயம் ரயிலில் கடந்திருப்பீர்கள்: கனடா வோட்டர். அந்தப் பெயர் எனக்குச் சின்ன வயதில் பெரிய புதிர். கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே சரே கொமர்ஷியல் டொக்ஸ் என்ற பெரிய மரத் துறைமுகம் இருந்தது. மரம் எங்கிருந்து வந்ததோ அந்த நாட்டின் பெயர் டொக்குக்கு: கனடா, ரஷ்யா, நோர்வே. அங்கே வந்த மாலுமிகளுக்காக எழுந்த நோர்வே, பின்லாந்துத் தேவாலயங்கள் இன்றும் ரொதர்ஹைத்தில் உண்டு. ஊர்விட்டு வந்தவன் முதலில் எதைக் கட்டுவான் என்பது நமக்குத் தெரியாததா?

பலகைக்கு அங்கே ‘டீல்’ என்று பெயர், சுமப்பவர் ‘டீல் போர்ட்டர்’. தலையையும் பிடரியையும் மூடும் தோல் தொப்பி போட்டு, நீண்ட பலகைகளைத் தோளில் வைத்து, அவர் நடக்க நடக்க வளைந்து ஆடும் ஒற்றைப் பலகைப் பாதையில் ஏறி அடுக்குவார்கள். 1940 செப்டம்பர் 7ஆம் திகதி ஜெர்மன் குண்டுகள் விழுந்தபோது அந்த அடுக்குகள் மலைபோல் எரிந்தன. 1970இல் துறைமுகம் மூடப்பட்டது. டீல் போர்ட்டர்களுக்கு ஒரு சிற்பம் இப்போது கனடா வோட்டர் ஏரிக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஷொப்பிங் சென்ரர். பலர் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஜன்னலுக்குக் கீழே ஐந்து பலகைகள் உக்கிப்போயிருந்தன. மாமா வந்து பார்த்தார். “தம்பி, லமினேட்டைப் போட்டுவிடு, ஒரு நாள் வேலை” என்றார். பழைய பலகையெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும் என்பதை அவர் சொல்லவில்லை.

நான் கடையில் புதுப் பைன் வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பலகை 22 மில்லிமீற்றர் தடிப்பு, புதியது 18. நிறம் வேறு. முக்கியமாக வளையங்கள் வேறு. பழைய பலகையின் வெட்டு முனையில் ஓர் அங்குலத்துக்குள் 20க்கு மேல் வளையம், புதியதில் 8. குளிர் நாட்டுக் காட்டில் ஆண்டுக்கு நூலளவு தடித்த மரம் அது. நிறத்தைப் பூச்சால் ஓரளவு பிடிக்கலாம், நெருக்கத்தைப் பூச முடியாது.

ஆகவே செய்தது இது. படிக்குக் கீழே இருந்த அலுமாரித் தரையிலிருந்து பழைய பலகைகளைக் கவனமாகக் கழற்றி ஜன்னலடிக்குக் கொண்டுவந்தேன். புதியவை அலுமாரிக்குள் போயின. உயரம் சரிவர அடியில் 4 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைக் கீற்று. போடுவதற்கு முன் இரண்டு கிழமை அந்த வீட்டிலேயே கிடக்க விட்டேன். வீட்டின் ஈரப்பதத்துக்குப் பழகாத மரம் பிறகு சுருங்கி இடைவெளி விடும். பெரிய இடைவெளிகளுக்குப் பசைக் கலவை வேண்டாம், அது உதிரும்; மெல்லிய பைன் கீற்றைப் பசை தடவி இறுக்கிச் சீவிவிடுவது நல்லது. தேய்க்கும் முன் ஆணித் தலைகளை உள்ளே தட்டிவிடுங்கள், இல்லையென்றால் உப்புத்தாள் கிழியும்.

இன்னுமொன்று. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது நஞ்சு. சோதிக்கும் கிட் கடையில் கிடைக்கும். அதைச் செய்து பார்க்கும்வரை தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுக்க வேண்டாம்.