செத்த காலேஜும் உயிர் காலேஜும்

நகர் காண்டல் தமிழர்க்குப் பழைய வழக்கம். கோவலன் மதுரையின் வீதிகளையும் அங்காடிகளையும் சுற்றிக் கண்டு மீண்ட செய்தியை விரித்துரைப்பதற்கெனவே சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை அமைந்துள்ளது. பிற்காலத்தே சென்னைக்கு வந்த நாட்டுப்புற மக்களும் அவ்வாறே நகர் கண்டனர். அவர்கள் விரும்பிக் கண்ட இடங்களுள் இரண்டு, எழும்பூர் அருங்காட்சியகமும் உயிர்க்காட்சிச்சாலையும் ஆகும். முன்னதைச் 'செத்த காலேஜ்' என்றும், பின்னதை 'உயிர் காலேஜ்' என்றும் மக்கள் வழங்கினர். எழுத்தறியாதார் இட்ட வேடிக்கைப் பெயர்கள் என இவற்றைப் புறக்கணித்தல் பொருந்தாது. இவற்றுள் ஒரு வரலாறு பொதிந்து கிடத்தலை எடுத்துக் காட்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பெயர்களின் அடைமொழிகள் எளிதின் விளங்குவன. ஓரிடத்தில் பாடம் செய்யப்பெற்ற விலங்குகளும் எலும்புக்கூடுகளும் உள்ளன. மற்றோரிடத்தில் உயிருள்ள விலங்குகள் இருந்தன. ஆராயற்பாலது 'காலேஜ்' என்னும் சொல்லேயாகும். மாணாக்கர் பயிலாத இடம் கல்லூரி எனப் பெயர் பெற்றது எங்ஙனம்?

1812-ஆம் ஆண்டில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பெற்றது. ஆட்சிப் பணிக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்க்குத் தமிழ் முதலிய மொழிகளைக் கற்பித்தல் அதன் பணி. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர் எல்லிஸ் ஆவர். தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறவாத தனி இனத்தன என்னும் கருத்தை அவர் 1816-இல் வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் தோன்றியது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல்தான். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824-இல் அச்சேறியதும் இக்கல்லூரியின் சார்பிலேயே. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இக்கல்லூரிக் கட்டடத்தின் மாடியிலேதான் 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. மருத்துவர் எட்வர்டு பால்பர் அதன் முதற் பொறுப்பாளர். சென்னை இலக்கியக் கழகத்தினர் அளித்த 1,100 நிலவியற் பொருள்களே அதன் முதற் றொகுதி. 1854-இல் அது எழும்பூரிலுள்ள 'பாந்தியன்' என்னும் மாளிகைக்கு மாறிற்று. ஐரோப்பியர் கூடி ஆடலும் விருந்தும் நிகழ்த்திய அம்மாளிகை, அதன்பின் பொதுமக்கள் காணும் இடமாயிற்று. கல்லூரியும் அதே ஆண்டில் மூடப்பெற்றது.

ஆகவே, 'காலேஜ்' என்னும் சொல் அருங்காட்சியகம் பிறந்த இடத்தின் பெயரே என்பது பெறப்படும். கட்டடம் மாறியும் பெயர் மாறவில்லை. பெரிய கட்டடம் எதனையும் மக்கள் காலேஜ் என்றிருத்தல் கூடும் எனச் சிலர் கருதலாம். அங்ஙனமாயின் நகரின் பிற பெருங் கட்டடங்களும் அப்பெயர் பெற்றிருத்தல் வேண்டும்; அவை பெற்றில. ஆதலின் அக்கருத்துப் பொருந்தாது.

இனி, 'செத்த' என்னும் அடைமொழி பிற்பட்டது எனக் கொள்ளற்கு இடமுண்டு. தொடக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் கற்களே; கல்லைச் செத்தது என்பார் இலர். மேலும், உயிருள்ளது ஒன்று அருகில் தோன்றிய பின்னரே அவ்வடைமொழிக்குத் தேவை எழும். 1855-இல் பால்பர் அருங்காட்சியக வளாகத்தில் உயிர் விலங்குகளை வைக்கலானார். கருநாடக நவாபு தம் விலங்குகளை வழங்கினார். ஓராண்டில் அங்கு 300-க்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்தன. 1863-இல் அவை மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பெற்றன. ஒரு காலேஜ் இரண்டாகப் பிரிந்தமையின், வேறுபாடு தோன்ற இரண்டு அடைமொழிகள் வேண்டியனவாயின. விலங்குகள் கல்லூரிக் கட்டடத்தில் ஒருநாளும் இருந்தில. அருங்காட்சியகத்தின் வழியாகவே அப்பெயர் அவற்றை அடைந்தது. எனவே, இவ்விரட்டைப் பெயர் 1855-க்கு முற்பட்டதாகாது என்றும், 1863-ஐ ஒட்டி நிலைபெற்றிருத்தல் வேண்டும் என்றும் கருதலளவையாற் கொள்ளலாம்.

அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராசர் திருமேனியும் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன. தெய்வத் திருமேனிகள் பல இருந்தும் மக்கள் அதனைக் கோயில் என்றிலர், பழம்பெயராலேயே வழங்கினர். தமிழாய்வுக்குத் தொண்டு செய்த ஒரு கல்லூரியைக் கற்றோரிற் பலர் மறந்துவிட, அதன் வாயில் மிதியாதார் அதன் பெயரைத் தம் நாவிற் காத்தனர். ஏட்டில் மறைந்தது பேச்சில் நிலைத்தமைக்கு இது தக்க சான்றாம்.

1985-இல் விலங்குகள் வண்டலூர் சென்றன. அப்பெயர்களை வழங்கிய தலைமுறையும் அருகி வருகின்றது. கல்வெட்டைப் படியெடுப்பது போன்றே, இத்தகைய ஊர்வழக்குகளை முதியோர்பாற் கேட்டுத் தொகுத்தல் ஆய்வு மாணவர்தம் கடன். கல் காத்திருக்கும், சொல் காத்திராது.