டம்டம் ஆலையும் தனிப்பாட்டும்

இசைத்தொழிலில் பெரிய கம்பெனிகளின் ஆதிக்கம் என்றதும், புகழ்பெற்ற பாடகர்களை அவை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட கதைதான் முதலில் பேசப்படும். ஆனால் இந்திய இசைத்தட்டின் வரலாற்றைப் பார்த்தால், பாடகரைப் பிடித்ததைவிடப் பாட்டு போகும் வழியைப் பிடித்ததில்தான் அவற்றின் பலம் இருந்தது என்று தோன்றுகிறது. 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தபோது, தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கியது. பின்னர் கல்கத்தாவை அடுத்த டம்டத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்றை நிறுவியது. பாட்டைப் பதிய ஓர் அறையும் கருவியும் போதும். ஆயிரக்கணக்கில் தட்டு அச்சிட ஆலை வேண்டும். தட்டுக்கான அரக்கு நம் காட்டுச் சரக்கு என்பதுதான் இதில் வேடிக்கை.

போட்டியே இல்லையா என்று கேட்கலாம். 1930களில் கல்கத்தாவில் மெகாபோன், ஹிந்துஸ்தான் என்ற உள்ளூர் முத்திரைகள் எழுந்தன. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் பங்காளியாக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை விற்றது. கடையில் நின்று பார்ப்பவருக்கு இது பெரிய சந்தையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் 1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. உருவானபோது, கிராமபோன் கம்பெனியின் ஹெச்.எம்.வி. முத்திரை, கொலம்பியா, ஏற்கெனவே கொலம்பியாவின் கையில் இருந்த ஓடியன் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. கல்கத்தா முத்திரைகளோ தங்கள் தட்டுகளை அச்சிட டம்டத்தையே நம்பியிருந்தன. யாரைப் பாடவைப்பது என்பதில் அவற்றுக்குச் சுதந்திரம் இருந்தது; எத்தனை தட்டு, எப்போது, என்ன கூலிக்கு என்பதெல்லாம் போட்டியாளரின் கையில் இருந்தது. பம்பாயில் 1935இல் தொடங்கிய 'யங் இந்தியா' முத்திரை மட்டும் சொந்த ஆலை வைத்து, பெரிய கம்பெனி சீந்தாத புதுக் குரல்கள் பலவற்றையும் பதிந்தது. சுமார் இருபது ஆண்டுகளில் அதுவும் மூடிவிட்டது.

பெரிய கம்பெனி பணம் போட்டது, நஷ்டத்தைத் தாங்கியது, அது இல்லாவிட்டால் அந்தக் காலத்துக் குரல்களே மிஞ்சியிருக்காது என்பது வலுவான வாதம்தான். பழைய கச்சேரிக் குரல்களை இன்று கேட்பவர் எவரும் அதை மறுக்க முடியாது. ஆனால் எது மிஞ்ச வேண்டும் என்று தீர்மானித்ததும் அதே கை என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கேசட் வந்ததும் அந்தப் பிடி தளர்ந்ததே, தொழில்நுட்பமே தீர்வல்லவா என்பது அடுத்த வாதம். 1980களில் நடந்ததைப் பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட 'கேசட் கல்ச்சர்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கேசட் நகலெடுக்கும் கருவிக்கு ஆலை அளவு முதல் தேவையில்லை. ஊருக்கு ஊர் சிறு முத்திரைகள் முளைத்தன. பக்திப் பாட்டும் நாட்டார் பாட்டும் சினிமாவின் தயவில்லாமல் விற்றன. அதே கருவி திருட்டு கேசட்டையும் பெருக்கியது. சொந்தக் காசில் பதிந்தவரை அது முதலில் அடித்தது. அந்த அலையில் எழுந்த டி-சீரிஸ், பிறகு தானே பெரிய கம்பெனியாகிவிட்டது.

அதற்குள் பிடி ஆலையிலிருந்து உரிமைப் பத்திரத்துக்கு இடம் மாறியிருந்தது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின்படி, படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதி இசையமைக்க வைத்த பாட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் அந்த உரிமையைத் தயாரிப்பாளரிடமிருந்து மொத்தமாக வாங்கிச் சேர்த்தன. 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. நல்ல சட்டம். ஆனால் சொந்தக் காசில் பாடிப் பதியும் தனிக்கலைஞருக்கு உரிமை ஏற்கெனவே முழுசாக அவரிடம்தான் இருக்கிறது. அவருக்கு இல்லாதது கேட்பவரிடம் போகும் வழி. படம் தியேட்டரிலும் டிவியிலும் பாட்டுக்கு இலவச விளம்பரம் செய்கிறது. அவருக்கு அது கிடையாது. செயலியில் பாட்டேற்ற இன்று யாரையும் கெஞ்ச வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு ஒரு பைசாவும் கிடையாது.