பெற்றோர் இட்ட வரம்பு

பிள்ளையிடம் ஒரு திறமை அரும்பும்போது, அதை வளர்ப்பதா வேண்டாவா என்று முதலில் தீர்ப்புக் கூறுவோர் பெற்றோரே. பாட்டு, ஆட்டம், நாடகம், ஓட்டப்பந்தயம் ஆகிய யாவற்றுக்கும் இஃது ஒக்கும். அத்தீர்ப்பைக் கூறும்போது அவர்கள் திறமையை எவ்வளவு நோக்கினார்கள், பிள்ளை ஆணா பெண்ணா என்பதை எவ்வளவு நோக்கினார்கள் என்பது ஆராயத்தக்க செய்தியாகும். "பெண்பிள்ளைக்கு இது தகாது" என்றும், "ஆண்பிள்ளைக்கு இது அழகன்று" என்றும் மறுக்கும் பெற்றோர், முன்னோர் வழிவந்த முறையைத் தாம் காப்பதாகவே நம்புகின்றனர். தமிழர் கலை வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கோ வேறொன்று புலனாகும். தொன்மையானவை என்று கருதப்படும் இவ்வரம்புகளுள் பல, ஒரு தலைமுறைக்குள்ளேயே இடம் பெயர்ந்தவை. சில, நேர் எதிராகவே திரும்பியவை.

பன்னிரண்டு வயதில் இரு பெண்கள்

சங்க காலத்தில் ஔவையாரும் வெள்ளிவீதியாரும் காக்கைபாடினியாரும் புலவர் வரிசையில் இடம் பெற்றிருந்தனர். பாணரோடு பாடினியும், கூத்தரோடு விறலியும் வள்ளல்களின் வாயிலுக்குச் சென்று கலையால் பரிசில் பெற்றனர். ஆகவே பெண் பலர் அறியப் பாடுதலும் ஆடுதலும் தமிழ் மரபுக்குப் புறம்பானவை என்பதற்கு இடமில்லை.

எனினும் சிலப்பதிகார காலத்தில் ஒரு பிரிவினை தெளிவாகத் தெரிகிறது. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். கண்ணகிக்கும் வயது பன்னிரண்டே. அந்த வயதில் அவளுக்கு நடப்பது திருமணம். ஒரே வயதினளாகிய ஒருத்திக்கு மேடையும், மற்றொருத்திக்கு மணப்பந்தலும் வகுக்கப்பட்டன. எப்பெண்ணுக்கு எது என்பதை அவர்கள் பிறந்த குலமே முடிவு செய்தது. ஆனால் கண்ணகியைப் போன்றே வணிகர் குடியில் பிறந்த கோவலனோ, கடற்கரையில் மாதவியின் கையிலிருந்து யாழை வாங்கித் தானே இசைத்துப் பாடுகிறான். அதனால் அவன் குடிப்பெருமைக்கு ஊறு நேர்ந்ததென்று எவரும் சொல்லவில்லை. நற்குடி ஆணுக்குக் கலை பொழுதுபோக்காகலாம்; நற்குடிப் பெண்ணுக்கு அதுவும் ஆகாது என்னும் இந்த வேறுபாடு, பின் வந்த நூற்றாண்டுகளில் மேலும் இறுகியது.

காஞ்சியில் நேர்ந்த மாற்றம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரம்பு எத்துணை வலிமையோடு நின்றது என்பதற்குக் காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய இரு சிறுமியர் சான்றாவர். 1918-இல் பிறந்த பாலசரசுவதி, வீணை தனம்மாளின் பேர்த்தி. தாயார் ஜெயம்மாளின் ஆதரவாலும் கந்தப்பப் பிள்ளையின் கண்டிப்பான பயிற்சியாலும் வளர்ந்து, ஏழாம் வயதில், 1925-இல், காஞ்சியில் அரங்கேறினார். அவருடைய குடும்பத்தில் பெண் ஆடுவதும் பாடுவதும் தலைமுறைச் செல்வம். ஆனால் அக்கலை மரபின்மேல் வெளியுலகம் இகழ்ச்சியைச் சுமத்தத் தொடங்கிவிட்ட காலம் அது.

1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாளின் நிலை வேறு. தாயார் ராஜம்மாளுக்கு நல்ல இசையறிவு உண்டு. ஆயினும் ஆசாரம் கருதி அவர் உற்றார் உறவினர் முன்னிலையிலும் பாடியதில்லை. தந்தையார் கிருஷ்ணசுவாமி தீட்சிதருக்கு மகளின் பாட்டில் விருப்பம் இல்லாமலில்லை. வீட்டுக்குள் பாடுவது வேறு, ஊரார் முன் பாடுவது வேறு என்பதே அவர் தயக்கம். அத்தயக்கத்தை நீக்கியவருள் தலையாயவர் பட்டம்மாள் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள். பள்ளி நாடகத்தில் வெளிப்பட்ட சிறுமியின் குரல் இசைத்தட்டு நிறுவனத்தாரின் செவிக்கு எட்டியபோது, தந்தை உடன்படவில்லை. தலைமையாசிரியை எடுத்துரைத்து அவரை இசையச் செய்தார்.

இங்குக் கருதற்பாலது ஒன்றுண்டு. அத்தந்தை திறமையை அறியாதவர் அல்லர். அதன் பின்விளைவை அஞ்சியவர். அந்த அச்சத்தை நீக்கக் குடும்பத்தாரின் மதிப்புக்குரிய ஒருவர் முன்வந்து பொறுப்பேற்க வேண்டியிருந்தது. பள்ளி அப்பொறுப்பை ஏற்றது. பட்டம்மாள் 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் மேடையேறினார். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட இராகம் தானம் பல்லவியைப் பாடிப் புகழ் கொண்டார். 1970-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். தம்பி டி. கே. ஜெயராமனுக்கு இசையில் முதல் ஆசான் இந்தத் தமக்கையே. அவரும் 1990-இல் அவ்விருதை அடைந்தார். மகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட வீட்டில், மகனும் அவ்வழியே நடந்தான் என்பது பெற்றோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆண்பிள்ளைக்கு இடப்பட்ட வரம்பு

வரம்பு பெண்ணுக்கு மட்டும் இடப்பட்டதன்று. நாடக மேடையை நோக்கினால் ஒரு விந்தை தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அத்தகைய பாலர் சபைகளில் பெண் வேடத்தையும் சிறுவர்களே தாங்கினர். ஸ்திரீபார்ட் என்று அதற்குப் பெயர். ஆண்பிள்ளை சேலை கட்டிப் பெண்ணாய் நடிப்பதைக் கைதட்டி மகிழ்ந்த அதே மக்கள், தம் வீட்டுப் பெண் பெண்ணாகவே மேடையில் தோன்றுவதை ஒப்பவில்லை.

நடனத்தில் நேர்ந்தது இதற்கு மறுதலை. சதிர் எனப்பட்ட ஆடலை இழிவாகக் கருதிய காலத்தில், வழக்கறிஞர் இ. கிருஷ்ணையர் தாமே பெண் வேடம் புனைந்து ஆடிக்காட்டி அதன் உயர்வை எடுத்துரைத்தார். 1932-இல் சென்னை மியூசிக் அகாடமி அதற்குப் பரதநாட்டியம் என்னும் பெயரை ஏற்றது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஒரு தலைமுறைக்கு முன் தம் வீட்டுப் பெண்கள் ஆடினால் குலம் கெடும் என்ற குடும்பங்கள், இப்போது பெண்ணுக்கு நாட்டியம் தெரிந்திருப்பதைக் குடும்பத்துக்கு அணியெனக் கொண்டன. நற்குடிப் பெண்ணுக்குப் பொருந்தாது என்றிருந்த கலை, பெண்ணுக்கே பொருந்தும் கலையாயிற்று. அதன் விளைவாக, ஆட விரும்பிய ஆண்பிள்ளை ஏளனத்துக்கு ஆளானான். ஆட்டுவித்த நட்டுவனார் பெரும்பாலும் ஆண்களே என்பதும், மெலட்டூர் பாகவத மேளாவில் ஆடுவோர் ஆண்களே என்பதும் மறக்கப்பட்டன.

அந்த ஏளனத்தைப் பொருட்படுத்தாத பெற்றோரும் இருந்தனர். கேரளத்துப் பையனூரில் ஒரு பள்ளி ஆசிரியர், எட்டுப் பிள்ளைகளின் தந்தை, 1953-இல் தம் மகனைக் கலாக்ஷேத்திரத்துக்கு அனுப்பினார். அச்சிறுவரே பின்னாளில் புகழ்பெற்ற வி. பி. தனஞ்செயன். அதற்கு முந்தைய ஆண்டு, 1952-இல், மலாயாவில் பிறந்த சாந்தா என்னும் எட்டு வயதுச் சிறுமியை அவருடைய பெற்றோர் கடல் கடந்து அதே கலாக்ஷேத்திரத்தில் சேர்த்திருந்தனர். இருவரும் பின்னர் மணம் புரிந்து, இணைந்தே ஆடி உலகறிந்தனர். 2009-இல் இருவர்க்கும் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. மகனை ஆட அனுப்பிய ஏழை ஆசிரியரும், மகளைத் தொலைவில் விட்டுவைத்த வசதியுள்ள குடும்பத்தாரும், ஊரின் பேச்சைவிடப் பிள்ளையின் திறமையைப் பெரிதாக மதித்தவர்கள்.

மாற்றத்தின் மறுபக்கத்தையும் வரலாறு மறைக்கவில்லை. 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் பெண்களை ஒரு கொடுமையினின்று காத்தது. ஆனால் கலையின்மேல் படிந்த பழி உடனே நீங்கவில்லை. அப்பழிக்கு அஞ்சி, வழிவழியாக ஆடிய குடும்பங்களின் தாய்மார் பலர் தம் பெண்களுக்கு ஆடல் கற்பிப்பதையே நிறுத்தினர். பிற குடும்பத்துப் பெண்கள் மேடைக்கு வந்த அதே ஆண்டுகளில், அக்கலையைக் காத்து வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் மேடையை விட்டு விலகினர். இரு திசையிலும் தீர்ப்பை எழுதியது மானம் பற்றிய கவலையே. திறமை எங்கும் கேட்கப்படவில்லை.

தோட்டப் பிள்ளைகளின் நிலை

மலாயாத் தோட்டங்களில் இக்கேள்வி வேறு உருவில் எழுந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டுமலாய் மாநிலங்களின் தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையை முதலாளிகள்மேல் சுமத்தியது. பள்ளி வந்தது, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை. தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டும் வீட்டில், கைப்பிள்ளையைப் பார்ப்பதும் உலை வைப்பதும் மூத்த பெண்ணின் வேலையாயின. பாடத்துக்கே வர இயலாத பெண், பாடம் முடிந்தபின் நடக்கும் பயிற்சிக்கு எங்ஙனம் வருவாள்? ஆண்பிள்ளை திடலில் பந்துதைத்துவிட்டு இருட்டிய பின் லயத்துக்குத் திரும்பினாலும் கேட்பாரில்லை. பெண்பிள்ளை நாழி கழித்து வந்தால், அண்டை வீட்டாரும் கேள்வி கேட்டனர்.

சிங்கப்பூரில் 1952-இல் கோ. சாரங்கபாணி முதலியோர் முயற்சியால் தொடங்கிய தமிழர் திருநாள் இவ்விறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தியது. பேச்சு, பாட்டு, கட்டுரைப் போட்டிகள் மொழித்தொண்டு என்ற பெயரோடு வந்தபடியால், பெண்ணை மேடையேற்றப் பெற்றோர்க்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. கூத்து என்றால் மறுத்தவர்கள், தமிழ் என்றபோது மறுக்கவில்லை.

விளையாட்டுத் திடலிலும் காலம் மாறியது. எம். ராஜாமணி 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடி, ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகக் களமிறங்கிய முதல் பெண்கள் இருவருள் ஒருவரானார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே விளையாட்டில் எம். ஜெகதீசன் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வென்றார். ஒரு தமிழ் மகனையும் ஒரு தமிழ் மகளையும் ஒரே வெற்றிச் செய்தியில் நாடு போற்றிற்று. பெண் அரைக்காற்சட்டை அணிந்து ஓடுவதா என்று முகம் சுளித்தவர்க்கு இதனினும் நல்ல மறுமொழி வேறில்லை.

மாசாய் வட்டாரத்தின் வாழ்க்கையும் இவ்வாறே உருமாறியது. ரப்பரும் பின்னர் செம்பனையும் விளைந்த நிலத்தில், 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின், தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. பெரட்டு மணி ஓய்ந்து, தொழிற்சாலையின் முறைவேலை வந்தது. இன்று புறப்பாட நடவடிக்கைக்கு அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உண்டு. ஆதலால் மறுக்கும் பெற்றோர் குறைந்துவிட்டனர். ஆனால் பரதம் என்றால் பெண், சிலம்பம் என்றால் ஆண் என்று பெயர்ப்பட்டியல் தானே பிரிந்துவிடும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. முன்பு மானம் இருந்த இடத்தில் இப்போது மதிப்பெண் அமர்ந்திருக்கிறது. பிள்ளைக்கு எது இயல்பாய் வருகிறது என்ற கேள்வி அன்றுபோல் இன்றும் பின்வரிசையிலேயே நிற்கிறது.

ஆசிரியர்க்குரிய பாடம்

பெற்றோரின் மறுப்புக்கு வேலை, அச்சம், மானம் என மூன்று வேர்கள் உண்டென்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றன்று. வீட்டு வேலை தடையானால், பயிற்சி நேரத்தை மாற்றியமைத்தல் வேண்டும். வழியச்சம் தடையானால், பிள்ளை பத்திரமாக வீடு சேர்வதற்குப் பள்ளி பொறுப்பேற்றல் வேண்டும். மானம் தடையானால், வாதம் பயன் தராது; குடும்பம் மதிக்கும் ஒருவர் வீடு தேடிச் சென்று பேசுதல் வேண்டும். அம்முக்குட்டி அம்மாள் செய்தது இதுவே.

பெற்றோரைப் பழிப்பதால் ஒரு பிள்ளையும் மேடையேறியதில்லை. தாய் வாய் திறந்து பாடாத வீட்டிலிருந்து மகள் சங்கீத கலாநிதியாகப் புறப்பட்டதற்கு இடையில் கழிந்தது ஒரு தலைமுறையே. ஆகையால், போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளைப் பயிற்றுவதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடாது. திறமை இருந்தும் எந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை, ஏன் இல்லை என்று கேட்டறிவதும் அவர் கடமையேயாகும்.