வாவித் தோணியும் சிறு இயந்திரமும்

இலங்கைக் கடற்றொழிலின் இயந்திரமயமாக்கம் 1958ஆம் ஆண்டளவில் அரச திட்டமாக உருப்பெற்றது. மூன்றரைத் தொன் படகுகள் வாடகைக் கொள்வனவு முறையில் வழங்கப்பட்டன. அத்திட்டத்தின் இலக்கு கடலேயன்றி வாவியன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஆழங்குறைந்த மட்டக்களப்பு வாவியில் தோணி பெரும்பாலும் சவளாலும் கம்பாலுமே இயங்கி வந்துள்ளது. இதனை வெறும் பின்தங்கிய நிலையெனக் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். சவள் தொழிலாளியின் சொந்த உடைமை. இயந்திரமோ எரிபொருளையும் உதிரிப்பாகத்தையும் கடனையும் உடன்கொண்டு வருவது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது இவ்வுண்மை கரையோரமெங்கும் வெளிப்பட்டது.

இந்நிலையில் மின்கலத்தால் இயங்கும் சிறு துணை இயந்திரம் கருதத்தக்கது. 1930களில் அமெரிக்கத் தூண்டிற்காரருக்கென உருவானது அது. ஓசை குறைந்தது, மீனைக் கலைக்காதது. அதன் வலு உந்துவிசை இறாத்தலில் அளக்கப்படும். நிறை நூறு இறாத்தலுக்கு உந்துவிசை இரண்டு என்பது வழக்கமான கணக்கு. ஆளும் வலையும் சேர்ந்து 1000 இறாத்தல் வரும் தோணிக்கு 20 போதும். வாவியின் எதிர்க்காற்றை எண்ணின் 30 வேண்டும். முழுவேகத்தில் அது ஏறத்தாழ 30 அம்பியர் இழுக்கும். எனவே 100 அம்பியர்-மணி மின்கலம் மூன்று மணித்தியாலத்திற்கு மேல் தாங்காது; சவளைக் கரையில் விட்டுவர இயலாது.

விற்பனையாளர் இயந்திரத்தின் விலையையே பேசுவர். சில ஆண்டுகளில் தேய்ந்து மாற்றப்படவேண்டிய மின்கலமே உண்மையான செலவு. அதனை மீன் முதலாளி முற்பணமாக வாங்கிக்கொடுப்பின் பிடிபடும் மீனும் அவர் சொல்லும் விலைக்கே போகும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மின்கலங்களைப் பொதுவில் வாங்கி, மின்னேற்றி, நாள்வாடகைக்கு வழங்குமாயின் நிலைமை வேறாகும்.