கூட்டன்பர்க் கண்ட இரு வழக்குகள்

ஐரோப்பாவில் வார்ப்பெழுத்து அச்சுக்கலையைத் தோற்றுவித்த கூட்டன்பர்க்கின் தொழில் வாழ்வை அறிய உதவுவன பெரும்பாலும் வழக்கு மன்ற ஆவணங்களே.

ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யாத்திரிகர்களுக்குக் கண்ணாடி செய்து விற்பது முதலிய தொழில்களுக்கு அவர் சிலரைக் கூட்டாளிகளாகச் சேர்த்தார். அவர்களுள் ஒருவரான அந்திரேயாஸ் டிரிட்சேன் 1438 இறுதியில் காலமானார். தங்களைக் கூட்டில் சேர்க்க வேண்டும், அன்றேல் அவர் இட்ட முதலைத் திருப்பித் தரவேண்டும் என அவருடைய உடன்பிறந்தார் வழக்கிட்டனர். ஒரு கூட்டாளி இறப்பின் வாரிசுகளுக்கு 100 கில்டரே உரியதென ஏற்பாடு எழுதப்பட்டிருந்தது. இறந்தவர் செலுத்தவேண்டிய 85 கில்டரைக் கழித்து, 15 கில்டர் கொடுத்தால் போதும் என 1439 டிசம்பரில் மன்றம் தீர்ப்பளித்தது.

மைன்ஸ் நகரிலோ நிலை வேறாயிற்று. யோகான் ஃபுஸ்ட் என்பார் இருமுறை 800 கில்டர் வீதம் கொடுத்திருந்தார். வட்டியும் சேர்த்து 2,026 கில்டர் கேட்டு அவர் வழக்காடினார். முதல் தொகைக்கு வட்டி வேண்டாமென ஃபுஸ்ட் வாய்மொழியாகச் சொன்னார் என்றும், அடுத்த தொகை கூட்டுத் தொழிலில் இட்ட முதலே என்றும் கூட்டன்பர்க் வாதித்தார். மன்றம் அவரைக் கணக்குக் காட்டப் பணித்தது. தாமும் வட்டிக்கு வாங்கியே கொடுத்ததாக ஃபுஸ்ட் மெய்ப்பித்தால், ஒப்பந்தப்படி வட்டி தரவேண்டும் என்றும் கூறியது. 1455 நவம்பர் 6ஆம் நாள் ஃபுஸ்ட் அவ்வாறே ஆணையிட்டார்.

1457இல் வெளிவந்த மைன்ஸ் திருப்பாடல் நூலில் அச்சிட்டோராகப் பொறிக்கப்பட்டவை ஃபுஸ்ட், பீட்டர் ஷேஃபர் ஆகியோர் பெயர்களே.

ஸ்ட்ராஸ்பர்க்கில் கூட்டன்பர்க்கைக் காத்தது எழுதிய ஏற்பாடு. மைன்ஸில் அவர் நம்பியது வாய்மொழி.